எலும்பும் பெயரும்: ‘அனிலின் ஆவி’ நாவலில் தடயமும் சாட்சியமும்

மைக்கல் ஒண்டாச்சியின் ‘அனிலின் ஆவி’ என்ற ஆங்கில நாவல் 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. கொழும்பிற் பிறந்து பதினொரு வயதளவில் நாட்டை விட்டகன்ற ஓர் எழுத்தாளர், எண்பதுகளின் நடுப்பகுதி தொடக்கம் தொண்ணூறுகளின் முற்பகுதி வரையான இலங்கையைக் களமாகக் கொண்டு படைத்த நாவல் அது. அதன் உரைநடையின் நயம் பற்றியும் புலம்பெயர்ந்தோரின் நினைவுலகம் பற்றியும் வேண்டிய அளவு எழுதப்பட்டுவிட்டது. நாம் இங்கு எழுப்ப விரும்புவது வேறொரு வினா. நாவலின் கதாநாயகி ஒரு தடயவியல் மானிடவியலாளர். கதையின் மையப்பொருள் ஓர் எலும்புக்கூடு. கதையை நகர்த்துவது, ‘இவன் யார், எப்போது, எவ்வாறு, யாராற் கொல்லப்பட்டான்’ என்ற விசாரணை. அங்ஙனமாயின், தடயம் என்பது யாது, அது எப்போது சாட்சியமாகின்றது என்பன பற்றி இந்நாவல் கொண்டுள்ள கருத்து யாது? எமது மண்ணிற் புதைகுழிகள் இன்னமும் தோண்டப்பட்டு வரும் நிலையில் இவ்வினாவை வெறும் இலக்கிய நுணுக்க ஆராய்ச்சி என ஒதுக்கிவிட முடியாது.

கதைச் சுருக்கம் வேண்டியவர்க்காக ஒருசில வார்த்தைகள். ஜெனிவாவிலுள்ள மனித உரிமை அமைப்பொன்றின் சார்பிற் பதினைந்து ஆண்டுகளின் பின் இலங்கை திரும்பும் அனில் திசேரா, அரசாங்கத் தொல்லியலாளரான சரத் தியசேனவோடு இணைந்து பணியாற்றப் பணிக்கப்படுகிறாள். பண்டாரவளைப் பகுதியில் அரசின் பாதுகாப்பிலுள்ள தொல்லியற் குகையொன்றில், பழமையான எலும்புக்கூடுகளோடு அண்மைக்காலத்தது ஒன்றும் கிடைக்கிறது. அதற்கு ‘செயிலர்’, அதாவது மாலுமி, என்று பெயரிடுகின்றனர். அரசினர் தவிர வேறெவரும் புகமுடியாத இடத்தில் அண்மையிற் கொலையுண்டவன் கிடப்பானாயின், கொலைக்குப் பொறுப்பானவர் யார் என்பது வெளிப்படை. அந்த ஓர் உடலுக்குப் பெயர் கிடைத்தால் ஏனையோருக்கும் பெயர் கிடைத்ததாகும் என்பது அனிலின் நம்பிக்கை. இந்நம்பிக்கையே நாவலின் முதுகெலும்பு.

தடயவியலின் அடிப்படைகளை ஒருமுறை நினைவுகூர்வது இவ்விடத்துப் பொருந்தும். பிரான்சிய அறிஞர் எட்மண்ட் லொக்கார்ட் 1910ஆம் ஆண்டு லியோன் நகர நீதிமன்றக் கட்டடத்தின் மேன்மாடத்திற் சிறியதோர் ஆய்வுகூடத்தை நிறுவினார். இரு பொருள்கள் ஒன்றையொன்று தீண்டுமிடத்து ஒன்றினது கூறு மற்றையதிற் படிந்தே தீரும் என்ற கொள்கை அவரது பெயரால் வழங்குகின்றது. மண்ணும் மயிரும் நூலிழையும் இரத்தத் துளியும் அவ்வாறு படிபவை. எனினும் படிந்தது அனைத்தும் சாட்சியமாகிவிடுவதில்லை. சம்பவ இடத்தை வேலியிட்டுக் காத்தல் வேண்டும். எதனையும் நகர்த்துமுன் படமெடுத்து, வரைந்து, அளந்து குறித்தல் வேண்டும். எடுத்த ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே பொதிந்து முத்திரையிடல் வேண்டும். அது யார் கையிலிருந்து யார் கைக்கு, எந்நாளில், எதன்பொருட்டு மாறியது என்ற வரலாறு இடையறாது எழுதப்படல் வேண்டும். இவ்வரலாற்றில் ஓரிடத்தில் முறிவு நேரின் மிகத் திறமான இரசாயனப் பகுப்பாய்வும் நீதிமன்றில் வலுவிழந்து போகும். புதைகுழியைப் பொறுத்தவரை மண்ணடுக்குகளும் இவ்வரலாற்றின் பகுதியே. இயந்திரத்தால் வாரியெடுத்த எலும்பு எலும்பு மட்டுமே. எந்த அடுக்கில், எந்த நிலையில், எதனோடு சேர்ந்து கிடந்தது என்று குறிக்கப்பட்ட எலும்புதான் பேசத் தொடங்குகிறது.

சுருங்கக் கூறின், தடயவியல் மேதையின் கண்ணில் தங்கியிருப்பதன்று. ஒழுங்குபடுத்தப்பட்ட கூட்டுழைப்பில் தங்கியிருப்பது. துப்பறியும் கதை இதனைத் தலைகீழாக்கியே தனது சுவையைப் பெற்றது. 1887இல் தோன்றிய ஷேர்லொக் ஹோம்ஸ் சாம்பலைப் பார்த்த மாத்திரத்திற் சுருட்டின் வகையைக் கூறுகிறான், பொலிசாரோ விழிக்கின்றனர், ஊராரோ ஒன்றும் அறியாதோர். அக்காலத்தையொட்டியே விரலடையாளத்தின் மெய் வரலாறும் நிகழ்ந்தது. 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹேர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி ஒப்பந்தக்காரர் ஒருவரின் கைப்பதிவைப் பத்திரத்தில் இடுவித்தார். குடியேற்ற ஆட்சி, தான் நம்பாத குடிகளை இனங்காண்பதற்கெனக் கண்ட உபாயம் அது. 1897இற் கல்கத்தாவில் விரலடையாளப் பணியகம் அமைந்தது. அதன் வகைப்பாட்டு முறைக்கு அடிகோலியோர் அசீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரு இந்தியர்கள். முறையோ மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயராலேயே உலகெங்கும் பரவியது. உழைத்தவர் மறைந்து தலைவர் தோன்றும் இக்கதை துப்பறியும் புனைகதையின் அமைப்பையே ஒத்திருப்பது தற்செயலானதன்று.

ஒண்டாச்சி துப்பறியும் கதை எழுதினாரல்லர் என்பதை நாம் ஒப்புகிறோம். அவரது நாவலில் விடுகதை அவிழும் இன்பமில்லை. எலும்பின் மொழியை வாசிக்கும் பகுதிகள் உண்மையான அறிவோடு எழுதப்பட்டவை. முழுதும் வரண்டுபோகாத இணைப்பிழைகள் மரணத்தின் காலத்தை உணர்த்துகின்றன. எரிந்த அடையாளங்கள் அழிக்கும் முயற்சியைக் காட்டுகின்றன. எலும்போடு ஒட்டிய மண்ணும் பூச்சிக்கூடுகளும் உடல் முதலில் வேறோரிடத்திற் புதைக்கப்பட்டுப் பின்னர் குகைக்குக் கொணரப்பட்டதைப் புலப்படுத்துகின்றன. இவற்றினும் சிறந்தது தொழிலின் அடையாளம். கையெலும்பில் தசைகள் பற்றியிருந்த இடங்களின் தடிப்பு ஒரு தொழிலைச் சுட்டுகிறது. கணுக்காலின் தேய்வு பிறிதொன்றைச் சுட்டுகிறது. ஒருவன் தன் வாழ்நாளெல்லாம் செய்த உழைப்பு அவனது எலும்பிற் செதுக்கப்பட்டிருக்கிறது என்ற இவ்வுண்மையை உழைக்கும் மக்களைப் பற்றி எழுதிய எமது முற்போக்கு நாவல்கள் பலவற்றிற் கூட இத்துணைத் துல்லியமாக நாம் கண்டதில்லை. கள் இறக்கியவனாகவும், மரத்தினின்று விழுந்து கால் முறிந்தபின் காரீயச் சுரங்கத் தொழிலாளியாகவும் வாழ்ந்தவன் அவன். பெயர் ருவன் குமார.

எமது தடை எழுவது இப்பெயர் கிடைக்கும் இடத்திலேயே. நாவலின் பெரும்பகுதி இப்பெயரைத் தேடுவதிற் செலவாகிறது. கொழும்புத் துறைமுகத்திற் கைவிடப்பட்ட கப்பலில் அமைந்த ஆய்வுகூடம், காட்டில் வாழும் கண்ணிழந்த கல்வெட்டறிஞர், பழைய வளவு, சிலைகளுக்குக் கண்திறக்கும் கலைஞன் எனத் தேடல் வளைந்து வளைந்து செல்கிறது. இறுதியிற் சுரங்கத்தையண்டிய மூன்றாவது ஊரில் விடை கிடைக்கிறது. ஊரார் யாவும் அறிந்திருந்தனர்! பன்னிரு தொழிலாளர் வேலைசெய்து கொண்டிருந்த சுரங்கத்தினுள் வெளியார் வந்தது, முகமூடியணிந்த ‘பில்லா’ ஆளைக் காட்டிக்கொடுத்தது, கொண்டுசென்றது, யாவும் அவர்கள் நினைவில் இருந்தன. எமது பகுதிகளில் ‘தலையாட்டி’ என்ற பெயரால் நாம் அறிந்த அதே உருவமே இது. ஆயின் நாவலாசிரியர் இவ்வூரின் அறிவுக்கு ஒதுக்கியது ஒருசில வரிகளே. அவ்வரிகளைப் பேசுவோருக்கு முகமில்லை. ருவன் குமாரவின் வீட்டு வாயிலில் அனில் சென்று நிற்கும் காட்சி ஒன்று இந்நாவலில் இல்லை.

இதனை வெறும் அமைப்புக் குறைபாடு என நாம் கருதவில்லை. காணாமற்போனோர் விடயத்திற் தடயவியலின் தொழில், ஊர் அறியாததைக் கண்டுபிடிப்பதன்று. ஊர் அறிந்ததை, மறுக்க முடியாத வடிவில் நீதிமன்றின் முன் வைப்பதே அதன் தொழில். எந்நாள், எத்தனை மணிக்கு, எந்த நிற வாகனத்தில், என்ன உடையோடு என்பனவற்றைத் தாய்மார் தளராது கூறிவந்திருக்கின்றனர். முறிந்து பொருந்திய எலும்பு, பிடுங்கிய பல், பிறவியிலமைந்த குறை முதலாய, உயிரோடிருந்த காலத்துச் செய்திகளை உறவினரன்றி யார் தருவர்? அச்செய்தியில்லையேல் எலும்பிலிருந்து பெறுவது வயதும் பாலும் உயரமுமேயன்றிப் பெயரன்று. மரபணுச் சோதனைக்கும் ஒப்பிடுவதற்கு உறவினரின் குருதி வேண்டும். ஆர்ஜென்ரீனாவில் 1983இல் இராணுவ ஆட்சி வீழ்ந்தபின் முதலில் நிகழ்ந்த தோண்டல்கள் முறையின்றி நடந்து தடயங்களை அழித்தன. இதனைக் கண்ட காணாமற்போனோரின் பாட்டிமார் அறிவியலாளரின் உதவியை நாடினர். 1984இல் அமெரிக்க அறிஞர் கிளைட் ஸ்னோ அங்குச் சென்று மாணவர்களைப் பயிற்றியதன் விளைவே அந்நாட்டின் தடயவியல் மானிடவியற் குழு. பாட்டி பேரன் உறவை மரபணுவால் நிறுவும் முறையும் அவர்களது கோரிக்கையினாற் பிறந்தது. ஆகவே இவ்வறிவியலின் வரலாற்றில் உறவினர் தகவல் தருவோர் மட்டுமல்லர். அவ்வறிவியலைத் தோற்றுவித்தோருள் ஒரு சாரார்.

ஒண்டாச்சி இதனை அறியாதவரல்லர் என்பதே வியப்பு. நாவலின் முகப்பிற் குவாத்தமாலாவிற் புதைகுழி தோண்டும் காட்சியொன்று வருகிறது. அதிகாலையில் ஆய்வாளர் வருமுன்னரே உறவினர் அங்குக் காத்திருக்கின்றனர். நாள் முழுவதும் முறைவைத்து ஒருவராவது அங்கேயே இருக்கின்றனர். தடயம் மீண்டும் தொலைந்துவிடக் கூடாதே என்பதுபோல அவர்கள் இருப்பதாக ஆசிரியர் எழுதுகிறார். சான்றுப்பொருளின் காவல் பற்றி எந்தச் சட்டநூலிலும் நாம் காணாத விளக்கம் இது. ஆனால் கதை இலங்கைக்கு வந்ததும் இக்காவலர்கள் மறைந்துவிடுகின்றனர். எண்பதுகளில் யாழ்ப்பாணத்து அன்னையர் முன்னணியினரும் தொண்ணூறுகளின் முற்பகுதியில் தென்னிலங்கைத் தாய்மாரும் வீதியில் இறங்கியது நாவலின் கதைப்போக்கில் இடம்பெறவில்லை. காணாமற்போனோரின் பெயர், வயது, நாள், நேரம், இடம் ஆகியவற்றை மட்டும் அடுக்கும் ஒரு பக்கம் நாவலில் உண்டு. அலங்காரம் எதுவுமற்ற அப்பக்கமே எமக்கு மிகக் கனதியானதாகப் படுகிறது. அதிலும் தென்னிலங்கைப் பெயர்களே உள்ளன.

இனி, காவல் பற்றிய வினா. அனில் தனது தொழிலின் விதிகளை ஓயாது கூறுபவள். ஆயினும் எலும்புக்கூடு புகைவண்டியில் ஏற்றப்படுகிறது. வளவுக்குக் கொண்டு செல்லப்படுகிறது. மண்டையோடு வேறாக்கப்பட்டுக் குடிப்பழக்கமுள்ள கலைஞனின் கையிற் கொடுக்கப்படுகிறது. எந்தச் சட்டத்தரணியும் இவ்வழக்கைக் கால்மணி நேரத்திற் தகர்த்துவிடுவார். இதனை ஆசிரியரின் அறியாமை எனச் சிலர் கூறக்கூடும். நாம் அவ்வாறு கூறோம். சம்பவ இடத்தைக் காக்க வேண்டியவரே சந்தேகநபராயின் விதிகளை யாரிடம் ஒப்படைப்பது என்ற இக்கட்டு இங்கே நாடகமாக்கப்படுகிறது. இலங்கையில் இது கற்பனையன்று. 1983ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வெளியான அவசரகால விதியொன்று, மரண விசாரணையின்றியே உடல்களைப் புதைக்கவும் எரிக்கவும் பாதுகாப்புப் படையினருக்கு இடமளித்தது. சாதாரண காலத்தில் நீதவானும் சட்ட வைத்திய அதிகாரியும் வந்து பார்க்கவேண்டிய உடல், அவ்விதியின்கீழ் எவர் பார்வைக்கும் எட்டாது மறையலாயிற்று. சம்பவ இடமே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது எனினும் பொருந்தும். நாவலில் எரிந்த எலும்பைக் காணும் வாசகர் இவ்விதியையும் உடன்வைத்துப் படித்தல் வேண்டும். அல்லாவிடின் கொலைகள் யாவும் பெயரற்ற வன்முறையொன்றின் விளைவு என்ற மயக்கமே எஞ்சும். நாவலும் அம்மயக்கத்தைப் பலவிடங்களில் வளர்க்கிறது.

எலும்பின் காலம் பற்றிய பிரச்சினையும் நாவலோடு நின்றுவிடவில்லை. 2012இல் மாத்தளை வைத்தியசாலை வளவில் நூற்றைம்பதுக்கு மேற்பட்டோரின் எலும்புகள் வெளிப்பட்டபோது, தொல்லியல் ஆய்வு அவற்றை 1986 – 1990 காலத்தன எனக் கணித்தது. பின்னர் வந்த காபன் காலக்கணிப்பு அதற்கு முரணாக முந்திய காலத்தைச் சுட்டியது. 2018இல் மன்னார் நகரிற் சதொச வளவில் முந்நூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் தோண்டப்பட்டன. அவற்றிலிருந்து ஆறு மாதிரிகள் அமெரிக்க ஆய்வுகூடமொன்றுக்கு அனுப்பப்பட, 2019இற் கிடைத்த முடிவு அவை பதினைந்தாம் நூற்றாண்டு தொடக்கம் பதினேழாம் நூற்றாண்டு வரையானவை என்றது. அறிவியல் முடிவு எமக்கு உவப்பில்லாதது என்பதற்காக அதனைத் தள்ளுதல் தகாது. ஆனால் ஆறு எலும்புகளின் காலம் ஆறு எலும்புகளின் காலமே. எவை மாதிரிகளாகத் தெரிவாயின, யார் தெரிந்தனர், எவ்வாறு கொண்டு செல்லப்பட்டன, மண்ணடுக்கும் உடன்கிடைத்த பொருள்களும் என்ன கூறின என்பன எல்லாம் சேர்ந்தே விடையாகும். பழைய எலும்புகளிடையே புதிய எலும்பை மறைப்பதையே தன் கதையின் முடிச்சாக்கிய ஒண்டாச்சி, இவ்வினாக்களைப் பன்னிரண்டும் பதினெட்டும் ஆண்டுகளுக்கு முன்னரே உணர்ந்திருந்தார் என்று கூறுவது மிகையன்று.

கல்வெட்டறிஞர் பலிப்பான பற்றியும் கூறியாக வேண்டும். ஐரோப்பியரிடமிருந்து ஆய்வுத் தலைமையைப் பறித்தெடுத்த சிங்களப் பேரறிஞராக அறிமுகமாகும் இவர், இல்லாத வாசகங்களைக் கல்வெட்டில் இருப்பதாகக் காட்டியமையால் மதிப்பிழந்து காட்டில் ஒதுங்கியவர். தடயத்தைப் பற்றிய நாவலிற் பொய்த்தடயம் படைத்த அறிஞர் ஒருவரை வைத்தது நுட்பமான செயல். ஆனால் நாவல் அவரைத் தண்டிக்கவில்லை. சான்றைக் கடந்த ஓர் உண்மையைத் தரிசித்த முனிவராக மெல்ல உயர்த்துகிறது. கவித்துவமாக இது அழகாயிருக்கலாம். இந்நாட்டிற் கல்வெட்டும் இடிபாடும் காணியுரிமையைத் தீர்மானிக்கும் ஆவணங்களாய் உள்ளன. 2020இற் கிழக்கு மாகாணத்திற்கென அமைக்கப்பட்ட தொல்லியற் செயலணியிற் தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இடம்பெறவில்லை. அம்மாகாணத்து விவசாயி ஒருவர் பலிப்பானவை ஞானியாகக் காண்பது அரிது. இந்நாவலின் வரலாற்றுணர்வு குகையும் விகாரையும் புத்தர் சிலையுமாகவே அமைந்துவிடுகிறது. அனிலைச் சிறுவயதில் வளர்த்த லலிதா என்ற முதிய தமிழ்ப்பெண் வந்து போகிறாளேயன்றி வரலாற்றில் அவளுக்கு இடமில்லை.

ஆனந்தவின் முகம் இதே ஆறுதலின் மற்றொரு வடிவம். மண்டையோட்டின்மீது தசையின் தடிப்பைக் கணித்து முகத்தை மீட்டெடுக்கும் கலையைச் சோவியத் அறிஞர் மிகயில் கெராசிமோவ் வளர்த்தார். தைமூரின் கல்லறை 1941இல் திறக்கப்பட்டபோது அவன் முகத்தை அமைத்தவரும் அவரே. இம்முறையாற் கிடைப்பது நிரூபணமன்று. கண்டவர் எவராவது ‘இவனை அறிவேன்’ என்று கூறத் தூண்டும் ஒரு குறிப்பே அது. ஆனந்த அமைத்த முகமோ ருவன் குமாரவினதன்று. காணாமற்போன தன் மனைவி சிறிசாவுக்காக அவன் வேண்டிய அமைதியின் முகம். அதனைக் கண்டு அனில் கலங்கும் இடம் உருக்கமானதே. ஆயின் அவ்வமைதி யாருக்கு? கொலையுண்டவனுக்குச் சாந்தியான முகத்தை வழங்கிய நாவல், புதிய புத்தர் சிலையொன்றுக்கு அதே கலைஞன் கண்திறப்பதோடு முடிவடைகிறது. சாட்சியம் தொடங்கவேண்டிய இடத்திற் சடங்கு தொடங்கிவிடுகிறது.

எனினும் இரு காட்சிகள் இந்நாவலை எமக்கு அணுக்கமாக்குகின்றன. ஒன்று, அதிகாரிகள் நிறைந்த மண்டபத்தில் எலும்புக்கூடின்றியே அனில் தன் முடிவைக் கூறும் காட்சி. கொல்லப்பட்டோரைக் குறிப்பிடுகையில், வெளிநாட்டு நிபுணராக வந்தவள் முதன்முறையாக ‘எம்மை’ என்கிறாள். அச்சொல்லைச் செவியுற்ற சரத், பின்னர் தன் உயிரைக் கொடுத்து எலும்புக்கூட்டை அவளிடம் சேர்ப்பிக்கிறான். மற்றையது, சரத்தின் தம்பியான வைத்தியர் காமினியின் காட்சி. சித்திரவதைக்குள்ளான உடல்களின் படங்கள் முகம் மறைத்து அவனிடம் கொண்டுவரப்படுவது வழக்கம். ஒருநாள் அவற்றுள் ஒன்றில் சிறுபிராயத்துத் தழும்புகளை அவன் காண்கிறான். அண்ணனை அறிவதற்கு முகம் வேண்டியிருக்கவில்லை. மேதையும் கலைஞனும் அலைந்து பெற்ற பெயரை உடன்பிறந்தோன் ஒரு தழும்பிற் பெறுகிறான். நாவல் முழுவதிலும் ஐயத்திற்கு இடமற்ற அடையாளங்காணல் இதுவொன்றே என்பது எமது துணிபு. இக்காட்சியின் உட்பொருளை நாவலின் மையமாக்க ஒண்டாச்சி ஏன் முனையவில்லை என்பதே எமது மனக்குறை.

செம்மணியில் 1999ஆம் ஆண்டு பதினைந்து உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டன. அவற்றுள் இரண்டு, 1996இற் காணாமற்போன இளைஞர்களுடையவை என உறவினரால் அடையாளங் காணப்பட்டன. அதே பகுதியின் சித்துப்பாத்தி மயானத்தில் 2025இல் இருநூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. புத்தகப் பையொன்றும் சிறுபிள்ளையின் விளையாட்டுப் பொருளும் உடன் கிடைத்தன. அவ்வாண்டு யூன் மாதம் மக்கள் அவ்விடத்தில் மூன்று நாட்கள் ‘அணையா விளக்கு’ ஏற்றியிருந்தனர். ஓகஸ்ட் 5ஆம் நாள், நீதிமன்ற உத்தரவின்படி, மீட்கப்பட்ட உடைகளும் பொருள்களும் பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டன. உறவுகளைத் தேடுவோர் வரிசையில் வந்து ஒவ்வொன்றாகப் பார்த்துச் சென்றனர்.